பதினொரு பிள்ளைகளின் நிறை

“கொஞ்சம் கொறச்சி எழுதுங்களன் மிஸ்.”

“எவ்வளவு?”

மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், துறைமுக வளைவோரத்து முன்பள்ளிக் கட்டடத்தில் நடந்த கதை இவ்வளவுதான். ஏலாது என்று சுதர்ஷிகா சொல்லியிருக்கலாம். அப்படிக் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். பதினாறு வருஷமாக மருத்துவிச்சி வேலை பார்க்கிறவளுக்கு அந்த இரண்டு பதிலும் நாக்கு நுனியில்தான் இருந்தன. ஆனால் அன்றைக்கு வாயில் வந்தது அந்த ஒற்றைச் சொல். அதைக் கேட்டதும் உம்மு குல்சும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அது உங்களுக்குத்தானே மிஸ் தெரியும்” என்றாள். அவளுடைய மகள் ஸல்ஹா தொங்கு தராசின் துணிப்பைக்குள் இரண்டு காலையும் விட்டபடி, யாரையோ உதைக்கிற மாதிரிக் காற்றை உதைத்துக்கொண்டிருந்தாள். பத்து மாதம். முள் ஏழு கிலோ நூறு கிராமில் நின்றது. சுதர்ஷிகா ஆறு கிலோ அறுநூறு என்று எழுதினாள்.

பெண்பிள்ளைகளின் கிளினிக் புத்தகம் றோஸ் நிறம். அதன் நடுவில் நிறைக்கென்று ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் பச்சை, இளம்பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று வளைந்து மேலேறிப் போகிற பட்டைகள். மாதாமாதம் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைக்க வேண்டும். பத்து மாதப் பெண்பிள்ளைக்கு ஆறு கிலோ எழுநூறில் செம்மஞ்சள் தொடங்குகிறது. அதற்குக் கீழே விழுந்த பிள்ளைக்கு அரசாங்கம் தருகிற திரிபோஷா சத்துமாப் பைக்கற் உண்டு. மேலே நிற்கிற பிள்ளைக்கு இல்லை. ஒரு தாய்க்குத் தன் பிள்ளை அந்தச் செம்மஞ்சள் கோட்டுக்கு மேலே நிற்பதுதான் சந்தோஷம் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். மூன்று வருஷமாக அந்தக் கரையில் தாய்மார் புத்தகத்தை எட்டிப் பார்த்து, கோட்டுக்கு மேலே புள்ளி விழுந்தால் முகம் வாடிப் போவதைத்தான் அவள் கண்டுகொண்டு வந்தாள்.

உம்மு குல்சும் வீட்டில் ஸல்ஹாவோடு மூன்று பிள்ளைகள். புருஷன் நுஸ்கி, கடலில் மீன் பட்டால் கடலுக்கு, படாவிட்டால் தம்பலகாமத்தில் வயல் கூலிக்கு. இரண்டும் இல்லாத மாதங்களில் சுதர்ஷிகா அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். குசினி அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடக்கும். “மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி போடுறன்” என்று உம்மு குல்சும் எழும்புவாள். “வேணாம், இப்பத்தான் குடிச்சனான்” என்று இவள் பொய் சொல்லுவாள். அந்தப் பொய்க்கு அடுத்த பொய்தான் ஆறு கிலோ அறுநூறு.

அது முதலாவதும் இல்லை. ஸல்ஹாவோடு சேர்த்து அப்போது பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாரும் கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்கள், எல்லாரையும் அவள்தான் பேனை முனையால் கீழே இறக்கிவிட்டிருந்தாள். உண்மையான நிறையைத் தொலைத்துவிட மட்டும் மனம் வரவில்லை. வீட்டில் அலுமாரிக்குள், சேலைகளுக்குக் கீழே ஒரு நாற்பது பக்கக் கொப்பி வைத்திருந்தாள். ஒவ்வொரு நிறை பார்க்கிற நாளும் பின்னேரம் வந்து குளித்துவிட்டு, பதினொரு பெயருக்கும் நேரே சரியான நிறையை எழுதி வைப்பாள். ஏன் எழுதுகிறாள் என்று அவளுக்கே தெளிவில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற நாளில் ஒன்றும் மறந்துவிடக் கூடாதென்ற மாதிரி ஏதோ ஒன்று.

அந்தக் கொப்பியில் ஸல்ஹாவுக்கு மூன்று வரிதான் இருக்கிறது. மே, ஏழு நூறு. ஜூன், ஏழு நூறு. ஜூலை, ஆறு எண்ணூறு.

நவம்பர் மாதம் முதல் திங்கட்கிழமை, சுகாதாரக் கந்தோரில் றொஷான் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டான். கணக்குப் பார்க்க என்று புதிதாக வந்த பட்டதாரி. மெலிந்த பெடியன், சட்டைப்பையில் எந்நேரமும் இரண்டு பேனை. வந்த முதல் மாதமே எல்லாரையும் ‘அக்கா’ என்று கூப்பிட்டு நல்ல பெயர் வாங்கியிருந்தான். வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

“இருங்கோ அக்கா. ஒரு படம் காட்டவேணும்.”

“என்ன, உம்மட பொம்பிளைட படமோ?”

அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதல் பயம். கணினித் திரையைத் திருப்பினான். அதில் குத்துக்குத்தாக நீலக் கட்டைகள், அவற்றுக்கு மேலால் ஒரு சிவப்புக் கோடு ஏறி இறங்கியது, கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தது போல.

“இது உங்கட ஏரியா. ஜூன் மாசம், இருநூற்றுப் பதினாலு பிள்ளையள். ஒவ்வொரு பிள்ளையும் அந்தந்த வயசுக்குரிய சராசரியில இருந்து எத்தின விலகல் தள்ளி நிக்குதெண்டு போட்டிருக்கிறன். நியம விலகல். உங்கட புத்தகத்தில இருக்கிற செம்மஞ்சள் கோடும் அதுதான், ரெண்டு விலகல் கீழ.”

“கோடு தெரியும் தம்பி. கோட்டோடதானே சீவிக்கிறன்.”

“கோட்டுக்குப் பின்னால இருக்கிறது இது. செவ்வன் பரம்பல் எண்டு சொல்லுறது. பிள்ளையள் கூட இருந்தா நிறை இப்பிடித்தான் விழும். நடுவில கூட்டம், ரெண்டு பக்கமும் சரிவு. ஒரு வயசுப் பொம்பிளைப் பிள்ளையெண்டா சராசரி ஒன்பது கிலோவுக்குக் கிட்ட, ஒரு விலகல் ஒரு கிலோ மட்டில். எட்டுக்கும் பத்துக்கும் இடையில நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பிள்ளை. ஏழுக்குக் கீழ வெறும் ரெண்டு. அது நல்லாச் சாப்பிடுற ஊரில.”

“எங்கட ஊரில?”

“உங்கட மணி முழுசா இடப்பக்கம் தள்ளி நிக்குது. நடுவே ஒரு விலகல் கீழ போயிட்டுது. அதால கோட்டுக்குக் கீழ முப்பத்தொன்பது பிள்ளை வரவேணும்.” அவன் பேனை நுனியைத் திரையில் வைத்தான். “ஐம்பது இருக்கு.”

சுதர்ஷிகா பார்த்தாள். சிவப்புக் கோட்டின் கீழ் நீலக் கட்டைகள் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் ஒரு கட்டை கோட்டை மீறி வீங்கி நின்றது. அதற்கு அடுத்தது பள்ளம். பல்லொன்று விழுந்த இடம் மாதிரி.

“கோட்டுக்குச் சரி மேல முப்பத்திநாலு இருக்கவேண்டிய இடத்தில இருபத்திமூண்டு. சரி கீழ இருபத்திரண்டு இருக்கவேண்டிய இடத்தில முப்பத்திமூண்டு. ஒண்டு ரெண்டு அங்கால இங்கால போகும், அது வழமை. இது பதினொண்டு. அஞ்சாறு மாசமா ஒரே இடத்தில.”

“தராசு பழசு தம்பி. துருப்பிடிச்சுப் போச்சு.”

“தராசு பிழையெண்டா மணி முழுக்க ஒரு பக்கம் நகரும் அக்கா. நடுவில ஒரு இடத்தில மட்டும் பள்ளம் தோண்டாது.” அவன் குரலைத் தாழ்த்தினான். “ஓகஸ்ட்டில இருந்து பள்ளமும் இல்ல, வீக்கமும் இல்ல. தராசு அதே தராசுதான்.”

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பிள்ளையின் முகமும் பெயரும் தெரியாத ஒரு பெடியன், கந்தோரில் இருந்தபடியே பதினொரு பேரையும் எண்ணிவிட்டான். அவளுடைய கொப்பியை யாரோ அலுமாரியில் இருந்து எடுத்து விரித்த மாதிரி இருந்தது.

“எனக்கு விளங்குது நீங்கள் ஏன் செய்தனீங்களெண்டு,” என்றான். “ஆனா இது மேல போனா அவங்கள் உங்கட ஏரியாக் கணக்கு முழுதையும் பொய்யெண்டு தள்ளுவாங்கள். பொய் இல்லாமலே முப்பத்தொன்பது பிள்ளை கீழ கிடக்கு அக்கா. அந்த முப்பத்தொன்பதையும் ஒருத்தரும் நம்பமாட்டாங்கள். வியாழக்கிழமை கூட்டத்துக்கு முதல் நீங்களே பெரிய டொக்டரிட்டச் சொல்லுங்கோ. சரியான நிறை எங்கயாவது எழுதி வச்சிருந்தா அதையும் குடுங்கோ. கணக்கத் திருத்தலாம்.”

“வேலை?”

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வீட்டில் அல்பிரட்டிடம் சொன்னாள். அவளுடைய புருஷன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. கப்பலைக் கயிறு போட்டு இழுக்கிற கைகள், ஆனால் மீனில் முள் எடுக்கும்போது பார்க்க வேண்டும், அவ்வளவு மென்மை. இருபது வருஷமாக அவளுடைய கோப்பையிலும் முள் எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குவான். அன்றைக்கும் அப்படித்தான், குனிந்து சூரை மீனைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

“அந்தக் கொப்பி எங்க?”

“அலுமாரிக்க.”

“அடுப்பில போடு. கொப்பி இல்லாட்டி அவன்ர படம் வெறும் படந்தான். தராசு பிழை, கை பிழை, சனம் கூட, பிள்ளை துடிச்சது. ஆயிரம் சொல்லலாம். பென்சனுக்கு இன்னும் எத்தின வருஷம் கிடக்கு?”

“இஞ்சருங்கோ, நான் பென்சனைப் பற்றிக் கதைக்கேல்ல.”

“வேற எதைப் பற்றிக் கதைக்கிறாய்?”

ஸல்ஹாவைப் பற்றித்தான் என்று அவனுக்கும் தெரியும். எடுத்த முள்ளையெல்லாம் கோப்பை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

ஜூலை மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை எழுபது பிள்ளைக்கு மேல். வெயில் தகரத்தைச் சுட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. ஸல்ஹாவைத் துணிப்பைக்குள் வைத்தபோது அவள் உதைக்கவில்லை. அழவும் இல்லை. தலையைப் பட்டியில் சாய்த்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். நல்ல பிள்ளை, கெதியாக முடிந்தது என்று சுதர்ஷிகா நினைத்தாள். முள் ஆறு எண்ணூறில் நின்றது. ஒரு வயதுக்குக் கோடு ஏழில். பிள்ளை தானாகவே கோட்டுக்குக் கீழே வந்திருந்தது. அந்த நேரத்தில் அவளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இந்த மாதம் இந்தப் பிள்ளைக்குப் பொய் எழுதத் தேவையில்லை. அந்த நிம்மதியோடுதான் ஆறு எண்ணூறு என்ற உண்மையை எழுதி, புள்ளி வைத்து, மே மாதத்து ஆறு அறுநூறோடும் ஜூன் மாதத்து ஆறு எழுநூறோடும் இணைத்தாள். கோடு அழகாக மேலே ஏறியது. மாதம் நூறு கிராம். பொய் இரண்டும் உண்மை ஒன்றும் சேர்ந்து, இறங்கிக்கொண்டிருந்த பிள்ளையை ஏறுகிற பிள்ளையாக்கிவிட்டன.

ஏன் இறங்கியது என்று பிறகுதான் விளங்கியது. பைக்கற்றை மூன்று பிள்ளையும் தின்றார்கள். திரிபோஷா வருகிறதே என்று வீட்டில் சோறு இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது.

ஐந்து நாள் கழித்துப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். உம்மு குல்சும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே இருந்த டொக்டர் றோஸ் புத்தகத்தை விரித்துப் பார்த்தார். நிறை கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஏறிக்கொண்டுதானே போகிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்று, கரைத்துக் கொடுக்க இரண்டு ஜீவனி உப்புக் கரைசல் பைக்கற்றோடு வீட்டுக்கு அனுப்பினார். அவர் மேல் பிழை சொல்ல ஏலாது. அவர் பார்த்தது சுதர்ஷிகா போட்ட கோட்டை. மூன்றாம் நாள் காலையில் பிள்ளை மௌத்தானது. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். சுதர்ஷிகா பெண்கள் பக்கத்தில் போய் நின்றாள். உம்மு குல்சும் அவளைக் கண்டதும் கையைப் பிடித்து, “மிஸ் வந்திட்டாங்க” என்று மட்டும் சொன்னாள், வரவேண்டிய ஆள் வந்துவிட்ட மாதிரி. அடுத்த கிழமை இறப்பு விசாரணைப் படிவம் வந்தது. இறுதி மூன்று மாத நிறை என்ற இடத்தில் ஆறு அறுநூறு, ஆறு எழுநூறு, ஆறு எண்ணூறு என்று தன் கையாலேயே நிரப்பினாள்.

ஓகஸ்ட்டில் இருந்து அவள் ஒரு கிராம் குறைத்து எழுதவில்லை. ஓகஸ்ட்டில் இருந்து ஒவ்வொரு நிறை பார்க்கிற நாளும் உம்மு குல்சும் வருகிறாள். பிள்ளை இல்லாமல், ஒரு கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வாங்கின் நுனியில் இருப்பாள். என்ன வேணும் என்று கேட்டால், “ஒண்டுமில்ல மிஸ், சும்மா வந்தன்.” எல்லாரும் போன பிறகு தானும் எழும்பிப் போய்விடுவாள். சுதர்ஷிகாவுக்கு அந்த நாள் வந்தாலே பயம். ஒரு நாள் கேட்பாள். எல்லாருக்கும் முன்னால், இந்த மிஸ்தான் என்று கையை நீட்டுவாள். நீட்டினால் நல்லது என்றும் சில நேரம் தோன்றும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மழை விடவில்லை. புறப்படும்போது சுதர்ஷிகா அலுமாரியைத் திறந்து, கொப்பியை எடுத்து, ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். கந்தோருக்கா, அடுப்புக்கா என்று இன்னும் முடிவில்லை. அல்பிரட் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவளுடைய மழைக்கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டான்.

முன்பள்ளி நிறையச் சனம். ஈரக் குடைகள், நனைந்த பிள்ளைகள், பால் மணம். பஸ்மியா என்கிற வாயாடிப் பெண் தன் மகனைப் பைக்குள் வைத்துக்கொண்டே முள்ளை எட்டிப் பார்த்தாள். அவனும் பதினொருவரில் ஒருவன். கோட்டுக்கு இருநூறு கிராம் மேலே.

“இந்த மாசமும் இல்லையா மிஸ்?”

“நிறை காணும் பஸ்மியா. நல்லா இருக்கிறான்.”

“நல்லாத்தான் இரிக்கான், காத்தத் திண்டு. முந்தி மிஸ்ட பேனைக்கு இரக்கம் இரிந்திச்சி. இப்ப அதுவும் கெவுமென்ட் பேனையாப் போச்சி.”

பெண்கள் சிரித்தார்கள். சுதர்ஷிகாவும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சரியான நிறையை எழுதினாள். கடைசி வாங்கில் உம்மு குல்சும் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டதை மட்டும் கண்டாள்.

பன்னிரண்டரைக்கு மண்டபம் வெறுமையாயிற்று. துணிப்பையைத் தராசில் இருந்து கழற்றக் கையை உயர்த்தியபோது, உம்மு குல்சும் எழும்பி வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். இந்த நாலு மாதத்தில் முதல் தடவை.

“கதிரையில இருங்க உம்மு குல்சும்.”

“இல்ல மிஸ்.” கடைப் பைக்குள் இருந்து றோஸ் புத்தகத்தை எடுத்தாள். மேலுறை போட்டிருந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளையின் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி. நிறைப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தாள். கடைசியில், ஏறிக்கொண்டு போகிற மூன்று புள்ளிகள். அதற்குப் பிறகு பச்சையும் செம்மஞ்சளும் ஒன்றும் எழுதப்படாமல் ஐந்து வயது வரைக்கும் போயின.

சுதர்ஷிகா புத்தகத்தில் இருந்து கண்ணை எடுத்தாள். “நான் நாளைக்குப் பெரிய டொக்டரிட்டச் சொல்லப் போறன்,” என்றாள். சொன்ன பிறகுதான் முடிவெடுத்திருப்பது அவளுக்கே தெரிந்தது. “எல்லாம் சொல்லுவன். நீங்களும் வந்து சொல்லுறதெண்டாச் சொல்லலாம். உங்களுக்கு அந்த உரிமை இருக்கு.”

“என்னத்த மிஸ் சொல்லுற? நான்தானே கேட்ட.” உம்மு குல்சும் குரலில் கோபமே இல்லை. “கொறச்சி எழுதுங்க எண்டு எண்ட வாயாலதானே கேட்ட. எண்ட புள்ளைய நானே கொறச்சிப்போட்டன்.”

“அப்பிடிச் சொல்லாதீங்க.”

“ஊட்டுல அவட ஒரு போட்டோவும் இல்ல மிஸ். நுஸ்கிட போன் தண்ணிக்க விழுந்து பழுதாப் போச்சி. அவட எண்டு இரிக்கிறது இந்தப் புத்தகம் மட்டுந்தான். இதுலயும் அவ கொறஞ்ச புள்ளையா இரிக்கா. பாக்கிற ஆக்கள் எல்லாம், அல்லாஹ், இந்த உம்மா புள்ளைக்கு ஒண்டும் குடுக்கல்ல போல எண்டுதானே நெனப்பாங்க. பெரிய புள்ள எழுதப் படிச்சிட்டா. நாளைக்கு அவளும் இதப் பாப்பா.”

அவள் விரலால் கடைசிப் புள்ளியைத் தொட்டாள். ஜூலை. அந்தக் கடைசி மூன்றில் உண்மையாக எழுதப்பட்ட ஒரே புள்ளி.

மழைக்காற்று உள்ளே வந்து தராசின் வெறும் பையை ஆட்டியது. சுதர்ஷிகாவின் கை தன்னையறியாமல் கைப்பைக்கு மேலே போயிற்று. கொப்பியின் விளிம்பு தோலுக்கூடாகத் தட்டுப்பட்டது. மே, ஏழு நூறு. ஜூன், ஏழு நூறு. ஜூலை.

“நாலு மாசமாக் கேக்கணும் எண்டு வாறன். ஆக்களுக்கு முன்னால வாய் வரல்ல.” உம்மு குல்சும் பைக்குள் மீண்டும் கையை விட்டுத் துழாவினாள். “மூணு மாசமும் அரைக் கிலோ அரைக் கிலோவாக் கொறச்சிதானே மிஸ் எழுதின? அப்ப கடைசி மாசம் எண்ட புள்ள ஏழு கிலோவுக்கு மேல இரிந்திருப்பா. கோட்டுக்கு மேலதானே இரிந்திருப்பா. கொறச்சத இப்பக் கூட்டி, அவட சரியான நிறைய இதுல எழுதித் தாங்க மிஸ்.”

அவளுடைய கையில், மூடி கடிபட்ட, பள்ளிக்கூடப் பிள்ளையின் நீலப் பேனை ஒன்று இருந்தது. மூடியைக் கழற்றி, எழுதுகிற பக்கம் சுதர்ஷிகாவைப் பார்க்கும்படி நீட்டிக்கொண்டு நின்றாள்.